எண்ணெய் தின்னும் மாவு

1

இன்று காலை மூச்சு ஊதிவிட்டு வந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஊத வேண்டும். மூக்கை ஒரு கிளிப்பால் இறுக்கி, வாயில் அட்டைக் குழாயை வைத்து, நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். கிர்ஸ்டன் என்கிற நர்ஸ் பக்கத்தில் நின்று, பிரசவம் பார்க்கிறவள் மாதிரி, "இன்னும், இன்னும், இன்னும்" என்று டேனிஷ் மொழியில் கத்துவாள். கண் இருட்டும்வரை ஊதினேன். திரையில் ஒரு கோடு எழும்பி, வளைந்து, இறங்கியது. "அழகான நுரையீரல்" என்றாள். மலையில் பிறந்தவள் என்றேன். டென்மார்க்கில் மலையே கிடையாது. இந்த நாட்டின் மிக உயரமான மேட்டைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் அது எங்கள் பெருமாள்மலையின் முழங்காலுக்கு வராது. அதனால் மலை என்று சொன்னாலே இங்கே ஒரு மரியாதை.

பிறகு ஒரு படிவம். இருமல் உண்டா, இழுப்பு உண்டா, தோலில் தடிப்பு உண்டா. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: நீங்கள் கையாளும் பொருள்களால் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மூச்சுத் தொல்லை வந்திருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

இது எனக்கு ஐந்தாவது முறை. முதல் மூன்று வருடமும் 'இல்லை' என்று போட்டேன், அது உண்மை. போன வருடமும் இன்றைக்கும் அதையே போட்டேன், அது பொய்.

கிர்ஸ்டனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் சரியான பதிலை இங்கே எழுதுகிறேன்.

2

சலவைத் தூளில் கலப்பதற்கான நொதிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். என் பிரிவில் செய்வது லிப்பேஸ், கொழுப்பைச் செரிக்கும் நொதி. நாம் தின்னும் பரோட்டாவின் எண்ணெயை வயிற்றுக்குள் செரிக்க வைக்கிறதே, அதன் உறவுக்காரன். கொழுப்பு தண்ணீரோடு சேராது. லிப்பேஸ் அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடும். நறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு துளியை நறுக்கியதோடு அது தீர்ந்துபோவதில்லை, அடுத்த துளிக்குப் போகும். துணி காயும்போதுகூட ஈரம் இருக்கும்வரை தின்றுகொண்டே இருக்கும்.

இதற்கு வெந்நீர் வேண்டாம் என்பதுதான் பெரிய விஷயம். குளிர்ந்த தண்ணீரிலேயே வேலை செய்யும்படி அதைத் திருத்துவதுதான் எங்கள் பிரிவின் வேலை. இங்கே உள்ளவர்களுக்கு அது மின்சாரச் சிக்கனம். எனக்கு அது கொடைக்கானல் தொட்டித் தண்ணீர். விரலை விட்டால் எலும்புக்குள் ஊசி ஏறும் அந்தத் தண்ணீரில் எங்கள் அம்மா எண்ணெய்த் துண்டு துவைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு குருணையை இரண்டாக வெட்டி நுண்ணோக்கியில் காட்டினார்கள். கடுகைவிடச் சின்னது. நடுவில் நொதி, அதைச் சுற்றி உப்பும் மெழுகும் பூசிய ஒரு வெள்ளை உறை. பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "உறை இருக்கும்வரை இது சோப்புச் சாமான். உறை உடைந்து தூசியானால் மூச்சோடு உள்ளே போகும். நாள்பட உடம்பு அதை எதிரி என்று எழுதி வைத்துக்கொள்ளும். அப்படி எழுதியதை அழிக்க மருந்து கிடையாது." அந்த உறையைக் கண்டுபிடிப்பதற்கு முந்திய காலத்தில் சலவைத்தூள் ஆலைகளில் வேலை செய்தவர்கள் பட்ட பாட்டையும் சொன்னார்.

நான் அதைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

3

எங்கள் வீடு பேத்துப்பாறையில். அம்மா பெயர் மாரியாயி. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். ஏழு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, ஒரு தகரப்பெட்டியோடு கொடைக்கானல் மலைக்கு வந்தவள். பள்ளிக்கூடம் இரண்டு நாட்டிலும் அவளுக்கு வாய்க்கவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன் பிறகு அம்மா ஒருத்திதான்.

எங்கள் குடும்பத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். கல்லூரியில் மேடையேறிச் சான்றிதழ் வாங்கியபோது அம்மாவின் கையைப் பிடித்து என்னோடு ஏற்றினேன். மேடைக்குக் கீழே வந்ததும் அவள் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். சோடாக் காரத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகம் இரண்டு கறுத்துப் போயிருந்தது.

அவள் வேலை பார்த்தது ஆயில் மசாஜ் செய்யும் ஒரு விடுதியில். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். அந்த எண்ணெயைத் துண்டுகள் குடிக்கும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது துண்டு. வெந்நீர் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். எண்ணெய் சரியாகப் போகாவிட்டால் மூன்றாம் நாள் துண்டில் சிக்கு வாடை அடிக்கும். வாடை அடித்தால் விருந்தாளி முகம் சுளிப்பார், மேனேஜர் கத்துவார்.

அந்தக் குளிரில் சலவைச் சோடா கட்டி கட்டியாகத்தான் கிடக்கும், கரையாது. கரையாத ஒரு குருணை துண்டில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதனால் எங்கள் பக்கத்துச் சலவைப் பெண்கள் எந்தக் கட்டியையும் அப்படியே தண்ணீரில் போட மாட்டார்கள். காலையில் முதல் வேலையாகக் கல்லில் தட்டி, அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, முகப்பவுடர் போல ஆக்கிய பிறகுதான் ஊறப்போடுவார்கள். சின்ன வயதில் நானே அந்த வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன். மறுமுனையில் அம்மா. நடுவில் வெள்ளைப் புகை எழும்பும். இரண்டு பேரும் தும்முவோம். யார் அதிகம் தும்முகிறார்கள் என்று போட்டி வேறு.

இதை நான் மறந்துபோனேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். மறக்கவில்லை. அந்த வேட்டிப் புகை மனதில் ஒரு பெட்டி, இங்கே படித்த உறைப் பாடம் ஒரு பெட்டி. இரண்டையும் சேர்த்து ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

4

இங்கே வந்த புதிதில் மாலை மொழி வகுப்புக்குப் போனேன். அம்மா என்ன செய்கிறார் என்று ஆசிரியை கேட்டாள். எனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்து நான் கட்டிய வாக்கியம், "என் அம்மாவுக்கு ஒரு சலவை நிலையம் இருக்கிறது" என்று பொருள்பட்டுவிட்டது. "ஓ, தொழிலதிபர்!" என்றாள் ஆசிரியை. வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரியாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் எழுந்து கை கொடுத்தார்.

நான் திருத்தவில்லை. அடுத்த வாரம் திருத்தும் அளவுக்கு மொழி வந்துவிட்டது. அப்போதும் திருத்தவில்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் எங்கள் குருணையை அம்மாவுக்குக் கொண்டுபோனேனோ என்று இப்போது தோன்றுகிறது. பரிசோதனை முடிந்து கழித்துப்போட்ட குருணைகள் எங்கள் பிரிவில் ஒரு பீப்பாயில் கிடக்கும், எரிப்பதற்காக. அதிலிருந்து எதையும் வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். முதல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பால்பவுடர் டப்பா நிறைய எடுத்தேன்.

அம்மா முதலில் முகர்ந்து பார்த்தாள். "என்னடி இது, ரவை மாதிரி கெடக்கு?"

"எண்ணெயத் திங்கிறதும்மா. ஒரு வாளிக்கு ஒரு கரண்டி. வெந்நீர் ஊத்திராத, செத்துப்போகும்."

"செத்துப்போகுமா? உசுரா இருக்கு?"

"உசுரு இல்ல. ஆனா சாகும்."

"அடியாத்தி. இதுக்காடி அம்புட்டுப் படிப்பு?"

மறுநாள் விடுதித் தொட்டியில் நானே போட்டுக் காட்டினேன். பொறுமையாக இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன், லீவில் வந்த எனக்கு என்ன அவசரம். அலசி விரித்த துண்டை அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கூட வேலை பார்க்கும் ராணி அக்காவின் கன்னத்தில் வைத்தாள். ராணி அக்கா பால்குடிப் பிள்ளையை முகர்வது போல அதை முகர்ந்தாள்.

"ஒரு பொட்டு வாடை இல்லையே! ஏ பவானி, இதையா அங்க செய்யிற நீ?"

"ஆமாக்கா."

"எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பாம இருந்தாச் சரி" என்றாள். மூவரும் சிரித்தோம்.

எல்லாம் சொன்னேன். வெந்நீர் கூடாது, ஈரக்கையை டப்பாவுக்குள் விடக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. உறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அம்மா பயப்படுவாள் என்பதால் அல்ல. "எம் புள்ள கொண்டாந்த மாவு" என்று அவள் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு எச்சரிக்கையைக் கொண்டுபோய் ஒட்ட எனக்கு மனமில்லை.

அடுத்த வருட லீவுக்கு நான்கு டப்பா கொண்டுபோனேன்.

5

மாவு வந்த பிறகு அம்மாவின் கை ஆறியது. வீடியோ அழைப்பில் விரல்களை விரித்துக் காட்டுவாள். இன்னும் இரண்டு மசாஜ் விடுதிகளின் துண்டுகளும் அவளிடமே வந்தன. மாரியாயி கைபட்டால்தான் வாடை போகும் என்று பேர். மேனேஜர் அவளை மேஸ்திரி ஆக்கினார். கொழுந்து பறித்த பரம்பரையில் அவள்தான் முதல் மேஸ்திரி. "தொரைச்சி பேசுறேன்" என்றுதான் போனை எடுப்பாள்.

இரண்டாவது லீவுக்குப் பிந்திய குளிர்காலத்தில் இருமல் தொடங்கியது.

"என்னம்மா இருமல்?"

"பனிடி. இந்த வருசம் பனி சாஸ்தி."

அடுத்த வாரமும் பனி. அதற்கடுத்த வாரமும் பனி. டாக்டரிடம் போனாள். குளிரும் ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் ஒரு இன்ஹேலர் கொடுத்தார். மாவைப் பற்றி அவரிடம் அம்மா வாயே திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அம்மா ரசம் தாளித்தாள். அவளுக்குப் பின்னால் மிக்சி தெரிந்தது. ஜாருக்குள் சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு வேட்டித் துண்டு, நடுவில் வெள்ளை வட்டம்.

"ம்மா, மிக்சியில என்ன அரச்ச? அரிசியா?"

"அரிசியா? ஒன் மாவுதான்டி. கல்லு கல்லாக் கெடக்கு, இந்தக் குளுருல எப்பக் கரையும்? மிக்சியில ஒரு ஓட்டு ஓட்டிச் சலிச்சிட்டேன்னா பூ மாதிரி ஆயிருது. நீ ரெண்டு மணி நேரம்னு சொன்ன, நான் அர மணியில முடிக்கிறேன்." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"எத்தன நாளா அரைக்கிற?"

"மொத டப்பாவுல இருந்தே."

ஏறக்குறைய ஒன்றரை வருடம். மாவு இருந்த நாளெல்லாம் காலையில், கதவைச் சாத்திய சின்னச் சமையலறையில். பனி உள்ளே வரக் கூடாதென்று சாத்தியிருப்பாள்.

அரைக்காதே, கரையும், பொறு என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சரி என்றாள். ஆனால் மூன்று விடுதித் துண்டுகள் பதினோரு மணிக்குள் கொடியில் ஏற வேண்டும். பொறுக்க அவளுக்கு நேரம் எங்கே இருந்தது? அவள் சரி என்று சொன்ன விதத்திலேயே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அன்றைக்கு மேலே பேசவில்லை. நான் மேலே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் அவளுடைய மேஸ்திரி வேலையும் என் பெருமையும் ஒன்றாகக் கீழே விழுந்திருக்கும். அப்படி அமைதியாக இருந்தது பன்னிரண்டு நாள்.

பதின்மூன்றாம் நாள் ராணி அக்கா போன் செய்தாள். "பவானி, ஒங்கம்மா தொட்டிக்கிட்ட உக்காந்துட்டா. மூச்சே எடுக்க மாட்டேங்குறா. ஒதடு நீலமாக் கெடக்கு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீ வெரசாக் கெளம்பி வா."

6

நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பூண்டை உரித்து முடிக்க இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். ராணி அக்கா பக்கத்தில் இருந்தாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுமே வரவில்லை. "ம்மா, அது பனியில்ல" என்றேன். "நான் குடுத்த மாவுதான்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கெழம லீவுக்கு நெஞ்சு லேசாக் கெடக்கும். திங்கக்கெழம வெள்ளனே மிக்சி மூடியத் தொறந்தா விசில் அடிக்கும். இதக் கண்டுபிடிக்க வெளிநாட்டுல படிக்கணுமா?"

"அப்பறம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடுத்த வாட்டி கொண்டாந்திருப்பியா நீ?"

அவள் பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். வெடிப்பு இல்லாத கை. நகங்கள் கூட வெளுத்திருந்தன.

"சோடாவுல கை போச்சு. இதுல நெஞ்சு போவுது. எதாச்சும் ஒண்ணு போகத்தான் போவுது. கை போனா மேனேஜரு பாத்துருவாரு, நாளைக்கு வராதம்பாரு. நெஞ்சு உள்ளதான கெடக்கு. யாருக்குத் தெரியும்?"

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

இரண்டு டப்பா மீதி இருந்தது. ராணி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒனக்கு ஆகலைன்னா எனக்குக் குடு மாரியாயி. எனக்குத்தான் ஒண்ணும் வரலையே."

"இப்ப வராதுக்கா. போகப் போக வரும்" என்றேன்.

"வர்றப்ப பாத்துக்கிருவோம். இப்ப இதப் பாரு." தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சோடாக் காரத்தில் வெடித்த வலது கட்டைவிரல் இடுக்கில் சதை தெரிந்தது.

"அரைக்காம அப்படியே ஊறப்போட்டா ஒண்ணும் செய்யாதுக்கா."

"ஊற வைக்க ஒங்க கம்பெனியில இருந்து நேரம் கொண்டாந்து குடு, ஊற வைக்கிறேன்."

நான் கொடுக்கவில்லை. வாயிலும் மூக்கிலும் ஈரத்துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் குழி வெட்டி, டப்பாக்களில் தண்ணீரை ஊற்றிக் கூழாக்கிப் புதைத்தேன். மிக்சி ஜாரையும் வேட்டியையும் அதே குழியில் போட்டேன். அம்மாவை ரோட்டோரம் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து கத்தினாள்: "ஒரு கரண்டியாச்சும் வைடி!"

அன்றைக்கு எழுந்து போன ராணி அக்கா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அவள் இப்போது மேஸ்திரி. சோடாவில் துவைக்கிறாள்.

7

அம்மாவை மூன்று மாதமாவது இங்கே வைத்து நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டுக்குப் போனால், ஆதாரில் ஒரு பிறந்த வருடம், கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையில் வேறு வருடம். கவுண்டரில் இருந்தவர், "எதும்மா நெசம்?" என்று கேட்டிருக்கிறார். "ரெண்டுமே நான் சொல்லலீங்க, அவுங்களாப் போட்டுக்கிட்டது" என்றிருக்கிறாள் அம்மா. வக்கீல் கடிதம், தாசில்தார் அலுவலகம், மறுபடி கவுண்டர். ஏழு மாதம் அலைந்து பாஸ்போர்ட் வந்தது. விசா படிவத்தின் கேள்விகளுக்கு இங்கிருந்தே பதில் நிரப்பினேன். எங்கே தங்குவார்? மகளின் வீட்டில்.

அங்கே பேனா நின்றது.

மகளின் வீடு என்றால் என் வீடு. கதவுக்குப் பின்னால் என் கோட்டு தொங்கும் வீடு. தொழிற்சாலையில் உடை மாற்றுகிறோம், குளிக்கிறோம், காற்றை அளக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது போதும். எதிரி என்று எழுதி வைத்துக்கொண்ட உடம்புக்கு மூச்சு முட்ட எவ்வளவு தூசி போதும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கிர்ஸ்டனிடம் கேட்டால் சொல்வாள். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். பீப்பாயிலிருந்து எடுத்தது தெரிந்தால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும், அம்மாவின் இன்ஹேலருக்கு நான் அனுப்புவதும் போகும்.

அந்தப் படிவத்தை மூடிவிட்டேன். ஆவணங்கள் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு வருசத்துல பொறந்தவள எந்த நாட்டுக்காரன் சேப்பான்?" என்று சிரித்தாள்.

8

இந்த வருடம் மே மாதம் போனேன்.

கோயம்புத்தூரில் இறங்கிப் பழனிக்கு பஸ் பிடித்தேன். பழனி கடைவீதியில் ஒரு ரெடிமேட் கடை. கடைக்கார பாய் வயதானவர். ஒரு சுடிதார், உள்ளாடைகள், ஒரு துண்டு, செருப்பு எல்லாம் புதிதாக வாங்கினேன். பக்கத்து லாட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு அறை எடுத்து, தலைக்கு மூன்று முறை சீயக்காய் போட்டுக் குளித்தேன். பிறகு புதுத்துணியைக் கஞ்சி மொடமொடப்போடு உடுத்திக்கொண்டேன். டென்மார்க்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது எல்லாவற்றையும், பெட்டியையும்கூட, பாய் கடையில் கொடுத்தேன்.

"திரும்பிப் போறப்ப எடுத்துக்கிறேன் பாய். கொஞ்சம் வச்சிருங்க."

"வேண்டுதலாம்மா?" என்று கேட்டார். பழனியில் எல்லோரும் எதையாவது இறக்கி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

"ஆமா பாய்."

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது உச்சி வெயில். சீசன் கூட்டம், ஐஸ்கிரீம் வண்டி, ஹாரன் சத்தம். அம்மா நிழலில் நின்றிருந்தாள். இப்போது ஒரு தோட்டத்தில் கேரட் கழுவும் சோலிக்குப் போகிறாள். சேறுதான், எண்ணெய் இல்லை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் முதலில் மலர்ந்து, பிறகு தேடியது.

"எங்கடி கோட்டு?"

"பழனியில விட்டுட்டேம்மா."

"அதப் போட்டுக்கிட்டு வருவன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்." என் சுடிதாரை மேலும் கீழும் பார்த்தாள். "இதென்ன, இங்கனக்குள்ள இருக்கறவ மாதிரி வந்திருக்க."

நான் இரண்டடி தள்ளியே நின்றேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்தாள். துவைத்த துண்டை முகர்வாளே, அதுபோல என் தோளில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். ஒரு மூச்சு. சத்தம் இல்லை. இரண்டாவது மூச்சு. சத்தம் இல்லை. என் கை அவள் முதுகுக்குப் போனது.

மூன்றாவதில் விசில் கேட்டது. மெல்லியதுதான். அந்த ஹாரன் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

அம்மா முகத்தை எடுத்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு முறை அழுத்தினாள்.

"ஒண்ணுமில்லடி" என்றாள் திரும்பாமலே. "பனிதான்."

மே மாதம். பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.